பேச்சுத் துணை

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வங்கி மேனேஜர் போதகரைத் தேடிப் போனார்.

"காணிக்கை மட்டும் போட்டா மனசு நிறையலை, ஐயா. வாரத்துல ஒரு மணி நேரத்தையும் கர்த்தருக்குக் கொடுக்கலாம்னு இருக்கேன். ஏதாவது ஊழியம் சொல்லுங்க."

"நல்லதாப் போச்சு தம்பி. ஒரு பெரியவர் பேச்சுத் துணைக்கு ஆள் கேட்டிருக்கார். அவரோட கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே போதும்."

"பிள்ளைங்க இல்லையா?"

"ஒரே மகன். கூடவேதான் இருக்கார். தலைக்கு மேல வேலையாம்."

"பெத்தவர்கிட்ட பேசக்கூட நேரமில்லாம அப்படி என்ன வெட்டி முறிக்கிறானோ! நான் இப்பவே போறேன். வீடு எங்கே?"

"உங்க தெருதான். மருந்துக் கடைக்கு எதிர்வீடு."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. அது அவருடைய வீடு.

சட்டைப்பையில் சாவி இருந்தும், திறந்துகொண்டு உள்ளே போக அவருக்குக் கூச்சமாக இருந்தது. அழைப்பு மணியை அழுத்தினார்.

சலவைச் சட்டையும் வாரிய தலையுமாக அப்பா கதவைத் திறந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கை நீட்டினார்.

"வாங்க தம்பி, போதகர் அனுப்பின ஆள் நீங்கதானே? உள்ளே வாங்க. என் பையன் இப்போதைக்கு வரமாட்டான். நாம நிம்மதியாப் பேசலாம்!"