விளக்கறையில் ஆறாம் நாள்

காவல் துணை ஆய்வாளர் உள்ளே வரவில்லை. வாசல் நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மறுகையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார்.

ஒரு பெயர் அவர் வாய்க்குள் பலமுறை புரண்டு, கடைசியில் ‘ஏழுமலை’ என்று ஒருவாறு வெளியே வந்தது.

அறைக்குள் இருந்த ஐவரும் அசையவில்லை. சுவரொட்டி எழுதிக்கொண்டிருந்த பூங்கோதையின் தூரிகையிலிருந்து சிவப்புச் சாயம் தரையில் சொட்டிற்று. அவள் அதைத் துடைக்கவில்லை.

வங்காளத்தின் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டுக்கு மின்விளக்கு வந்த பிறகு, சிக்னல் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றும் அந்த அறை பூட்டிக் கிடந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் ரயில்வே காலனியின் தமிழ்ப் பிள்ளைகள் அதைத் திறந்து, பெருக்கி, சுண்ணாம்பு அடித்தனர். கூலி வேலை செய்யும் கலாசிகளின் மகன்கள், தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன்களின் மகள்கள். பள்ளியில் மத்ராஸி என்ற ஒரே பெயரால் அழைக்கப்பட்டவர்கள்.

விளக்கறையில் அவர்கள் படம் வரைந்தனர். நாடகம் ஒத்திகை பார்த்தனர். நான்கு மொழிகளில் சுவரொட்டி எழுதினர். அத்தனை பெரிய நகரத்தில் அவர்கள் குரலைத் தாழ்த்தாமல் பேசிய இடம் அது ஒன்றுதான்.

ஆண்டு 1974. மே மாதம். ரயில்வே வேலைநிறுத்தத்தின் ஆறாம் நாள்.

மாலை ஐந்து மணிக்கு ஸ்டேஷன் வாசலில் அவர்களுடைய நாடகம். அதற்கு அனுமதி கேட்டுக் கொடுத்த விண்ணப்பம்தான் துணை ஆய்வாளரின் கையில் இருந்தது. அதில் உள்ள பெயருக்குரிய ஆள் தமக்கு வேண்டும் என்றார். வீட்டைக் காட்டாவிட்டால் ஐவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அறையைப் பூட்டி முத்திரை வைப்பதாகச் சொன்னார்.

குற்றம் இன்னதென்று அவர் சொல்லவில்லை. அந்த மாதத்தில் அது கேட்கக்கூடிய கேள்வியாகவும் இருக்கவில்லை.

ஏழுமலையைக் காலனியில் அறியாதவர் இல்லை. பாயிண்ட்ஸ்மேன். ஓய்வு பெற இரண்டாண்டு இருந்தது. ஆறு நாளும் வேலைக்குப் போன ஒரே தமிழர். அவர் வீட்டுக் கதவில் யாரோ சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். நாடகத்தில் வரும் கருங்காலிக்கு அவருடைய நடை, அவருடைய இருமல். அந்த வேடம் போடும் மஹாதேவன் அப்படியே இருமிக் காட்டும்போது அறையே சிரிக்கும். பூங்கோதையும் சிரிப்பாள்.

விளக்கறையில் அவரை அண்ணன் என்றோ மாமா என்றோ ஒருவரும் குறிப்பிடுவதில்லை. ஏழுமலை, அவ்வளவுதான்.

மஹாதேவன் பூங்கோதையைப் பார்த்தான். சுலோசனாவும் பார்த்தாள். அந்தப் பெயர் காகிதத்தில் எப்படி ஏறியது என்பது ஐவருக்கும் தெரியும்.

பூங்கோதைக்கு அச்சம் தோன்றவில்லை. இரக்கமும் தோன்றவில்லை. வேலைக்குப் போகிற மனிதர். டியூட்டிச் சீட்டைக் காட்டினால் மன்னிப்புக் கேட்டு விட்டுவிடுவார்கள். அதற்குள் தாங்கள் யார்டைக் கடந்து ஸ்டேஷனுக்குப் போய்விடலாம் என்று மட்டும் தோன்றியது.

அவள் எழுந்தாள்.

“ஏய், வேணாண்டி,” என்றாள் சுலோசனா, உதடு அசையாமல்.

பூங்கோதை வங்காள மொழியில் தெளிவாகச் சொன்னாள். மூன்றாவது பிளாக், கோடி வீடு. இரவுப் பணி முடித்துத் தூங்குகிற நேரம். தாழ்ப்பாள் சரியாக விழாது. கதவைத் தள்ளினால் போதும்.

இரண்டு கான்ஸ்டபிள்கள் போனார்கள். ஜீப் விளக்கறையின் முன்னாலேயே நின்றது.

கால் மணி நேரத்தில் அவரை அழைத்து வந்தார்கள். காக்கிச் சட்டையின் பொத்தான்கள் மாறிப் போடப்பட்டிருந்தன. பையில் டியூட்டிச் சீட்டு துருத்திக்கொண்டிருந்தது.

துணை ஆய்வாளர் காகிதத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, இது உன்னுடையதா என்று கேட்டார்.

கண்ணாடி இல்லாததால் ஏழுமலை அதை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் வரும். அந்தக் கையெழுத்தை அடையாளம் காண அவ்வளவு போதுமானதாக இருந்தது.

தம்முடையதுதான், தாமே எழுதியதுதான் என்று அரைகுறை வங்காளத்தில் சொன்னார். சட்டைப்பையின் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை.

ஜீப்பில் ஏறும்போதுதான் அவர் விளக்கறையின் பக்கம் திரும்பினார்.

“பூவு, சோறு வடிச்சு மூடி வெச்சிருக்கேன். அப்பன்மேல இருக்கிற கோவத்தைச் சோத்துல காட்டாதம்மா. போய்ச் சாப்புடு.”

விண்ணப்பப் படிவத்தில் குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டிருந்ததால் எழுத்தர் வாங்க மறுத்துவிட்டார். வங்காளிக்கு அந்தக் கட்டத்தில் எழுத முகர்ஜி உண்டு, தத்தா உண்டு. தமிழனுக்கு என்ன உண்டு? பள்ளியில் சேர்ந்த நாள் முதல் எல்லாப் படிவங்களிலும் செய்ததையே பூங்கோதை அங்கும் செய்திருந்தாள். தகப்பன் பெயரை எழுதினாள். அதற்கு முன்னால் இருந்த அவள் பெயரைத் துணை ஆய்வாளர் படிக்க முயலவே இல்லை.

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு திரும்பியது. அதை நிறுத்தச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அவளுக்கு அது தெரிந்திருந்தது. ஜீப் லெவல் கிராசிங்கைத் தாண்டும் வரையிலும் தெரிந்திருந்தது.

நாடகத்துக்கு வருகிறாயா, வீட்டுக்குப் போகிறாயா என்று மஹாதேவன் கேட்டான்.

அவனுக்குச் சொல்வதற்காகத் தனக்குள் ஏதாவது இருக்கிறதா என்று அவள் பொறுமையாகத் தேடிப் பார்த்தாள். ஒன்றுதான் இருந்தது.

அவளுக்குப் பசித்தது.