கடைசி வரிசை

“கௌரியக்கா, மதாமோட பையன் ரிசப்ஷன்ல வந்து நிக்கிறார். உள்ளே விடவா?” என்றாள் கண்மணி.

கௌரி அவளைக் கையமர்த்தினாள். “கொஞ்சம் பொறு. இண்டைக்குக் காலமை மதாமுக்கு அவற்ற படத்தைக் காட்டினனான். ‘வடிவான ஆள், ஆர் இது?’ எண்டு என்னட்டையே கேக்கிறா. நேரிலயும் அப்பிடிக் கேட்டாவெண்டால் அந்த மனுசன் உடைஞ்சு போடும்.”

“அதுக்காகப் பாரிஸ்ல இருந்து வந்தவரை வாசலோட திருப்பி அனுப்ப முடியுமாக்கா?”

முடியாதுதான். ஆக்லாந்தின் நியூ லின்னில் இருந்த அந்த முதியோர் இல்லத்தில் மதாம் இவேத்துடன் பிரெஞ்சில் பேசக்கூடிய ஒரே ஆள் கௌரி. இங்கே வருமுன் பாரிஸில் அக்கா வீட்டில் சில வருடம் இருந்தவள். அந்த ஊரில் மதாமின் பெயரைச் சொன்னால் டாக்ஸிக்காரர்கூட வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுவார். ராணியாக, பிச்சைக்காரியாக, ஏன், மீசை ஒட்டிக்கொண்டு இளவரசனாகவும் மேடையை ஆண்டவர். கால் முறிந்தபோது கட்டிலில் படுத்தபடியே நடித்து அரங்கை நிறைத்த மனுஷி. இரண்டாவது கணவரோடு ஆக்லாந்து வந்தார். அவர் போனபின் ஞாபகமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது.

மகன் லூசியன் உள்ளே வந்தார். தலை நரைத்த மனிதர். அம்மாவோடு கோபித்துக்கொண்டு இத்தனை வருடமாக எட்டிப் பார்க்காதவர், வாசலிலேயே சின்னப் பையனாக விம்மினார்.

“அம்மா!”

மதாம் நிமிர்ந்தார். ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினார். “வந்துட்டியா, செல்லம்? எவ்வளவு நாளா உன் வழியையே பார்த்துக்கிட்டிருக்கேன் தெரியுமா?”

கௌரிக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. பெற்றவளுக்குத் தெரியாமல் போகுமா, நான் ஒரு மடைச்சி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

லூசியன் அம்மாவின் மடியில் முகம் புதைத்து, நெஞ்சில் கிடந்த குறையைக் கொட்டினார். “உங்களுக்கு எப்பவும் மேடைதான் பெரிசு. என் பள்ளிக்கூட நாடகத்துக்கு ஒரு தடவையாவது வந்தீங்களா?”

“வந்தேனே! கடைசி வரிசையில, முக்காடு போட்டுக்கிட்டு. என்னை அடையாளம் தெரிஞ்சா எல்லாரும் உன்னை விட்டுட்டு என்னைப் பார்ப்பாங்களே, அதான் சொல்லலை.”

லூசியன் குலுங்கிக் குலுங்கி அழுதார். கௌரியும் அழுதாள். கதவோரம் நின்ற கண்மணி, அந்தப் பிரெஞ்சில் ஒரு வார்த்தையும் புரியாமலே அழுதாள்.

“இனிமே எனக்கு ஒரு குறையும் இல்லை” என்று கௌரியின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு, நாளைக்கும் வருவதாகக் கூறிப் புறப்பட்டார் லூசியன்.

அவரை வழியனுப்பிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே கௌரி உள்ளே வந்தாள். மதாம் கண்ணாடி பார்த்துத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

“நல்லா நடிச்சேனா, கௌரி? அம்மான்னு அழுதுக்கிட்டு வந்து நிக்கிறப்போ, இல்லைன்னு சொல்ல மனசு வரலை. பாவம், யார் பெத்த பிள்ளையோ!”