நாலாவது வண்டிக்காரன்

புழுதிக்குள்ளே முதலில் தெரிந்தது எங்கள் செவலைக் காளையின் நெற்றிச் சுட்டிதான்.

எங்கள் செவலை என்று சொல்ல எனக்கு இப்போது பாத்தியதை இல்லை. பண்ணையில் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிய என்னையும், பந்தய வண்டி ஓட்டிய என் வீட்டுக்காரரையும் வெளியே தள்ளி வருஷம் ஒன்றாகிவிட்டது. என்ன செய்ய, வாய்க்கு வேறு சொல் வரமாட்டேன் என்கிறது.

கல்லிடைக்குறிச்சிச் சாலையில் தைப் பந்தயம். வருஷம் முழுக்கத் தோற்ற ஜோடிக்கு அன்றைக்கு என்ன வீறு வந்ததோ, செவலையும் மயிலையும் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தன. முன்னால் ஒரே ஒரு வண்டி. நாங்கள் நின்ற இடத்திலிருந்து எல்லைக் கொடி ஒரு கூப்பிடு தூரம்.

கொடிக்குப் பக்கத்தில் மலையாளத்து வியாபாரி இரண்டு கயிற்றோடு நின்றிருந்தான். இன்றைக்கும் தோற்றால் இரண்டையும் அடிமாடாகக் கொடுத்துவிடுவதாகச் சின்னப் பண்ணையார் பேசி முடித்திருந்தார். ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டே பந்தயத்துக்கு வந்திருக்கிறார், மகராசன்.

பெரிய பண்ணையார் பாபநாசம் பிள்ளை இருந்தவரை இந்த ஜோடியை முந்த ஆற்றுக்கு இந்தப் பக்கமும் ஆள் இல்லை, அந்தப் பக்கமும் ஆள் இல்லை. ஜார்ஜ் ராஜா பட்டாபிஷேகத்துக்கு ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்த மாதம் அவர் கண்ணை மூடினார். மருமகன் சின்னப் பண்ணையாராக வந்து உட்கார்ந்தார். வந்ததும் முதல் காரியமாக என் வீட்டுக்காரரை நிறுத்தினார். வலது காலில் சக்கரம் ஏறி அப்போதே நாலு வருஷமாக விந்தி நடந்த மனுஷர். நொண்டி ஓட்டுகிற வண்டி என்று ஊர் சிரிக்கிறதாம்! அந்த நாலு வருஷமும் நொண்டிதான் கொடி வாங்கிக் கொடுத்தார். அப்போது ஒரு பயல் சிரிக்கவில்லை.

அப்புறம் ஆள்மேல் ஆள். முதலில் வந்தவன் ஆணி வைத்த குச்சியால் குத்தினான். அடுத்தவன் வலப்பக்கத்து மாட்டை இடப்பக்கம் பூட்டினான். மூன்றாமவன் சாராயம் ஊற்றி ஓட்டிப் பார்த்தான். தோற்றதும் ஆளை மாற்றுவார், ஆள் பழகுமுன்னே அடுத்த பந்தயம் வந்துவிடும். இப்போது ஓட்டுகிறவன் நாலாவது ஆள். அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் தலைத்துண்டை வாயில் கடித்துக்கொண்டு நின்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது வியாபாரியின் கயிற்றை. பிள்ளையில்லாத வீடு எங்களுடையது. கன்றிலிருந்து கையில் தண்ணீர் காட்டி வளர்த்த இரண்டும் அந்தக் கயிற்றிலா போகவேண்டும்?

இரண்டு வண்டிகளும் எங்களுக்கு நேரே வந்தன. நடுவில் நாலு முழம். மூன்று முழம்.

"கூப்பிடுங்களேன்! ஒங்க கொரலக் கேட்டா ரெண்டும் பறக்கும்லா!"

அவர் துண்டை இன்னும் இறுகக் கடித்தார். நான்தான் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

துண்டைத் துப்பிவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினார்.

"வாரேன் ராசா, வாரேன்!"

செவலையின் காது திரும்பியது. மயிலையின் காதும் திரும்பியது. ஜெயித்தாயிற்று என்று கும்பிடக் கையைத் தூக்கினேன்.

இரண்டும் நின்றன.

நாலாவது வண்டிக்காரன் முன்னால் குப்புற விழுந்தான். பின்னால் வந்த வண்டிகள் விலகி, ஒவ்வொன்றாகக் கொடியைத் தாண்டிப் போயின. எழுந்தவன் சாட்டையால் முதுகைக் கிழித்தான். இரண்டும் அசையவில்லை. நுகத்தைத் தாழ்த்திக்கொண்டு அப்படியே நின்றன.

ஓட்டத்தில் அவர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. கால் கட்டைவிரலால் வாலடியில் தொடுவார், அவ்வளவுதான். அவர் குரல் கொடுத்ததெல்லாம் வண்டியில் ஏறும்போது மட்டும். விந்துகிற காலை இழுத்துக்கொண்டு வந்து ஏறுகிறவரைக்கும், நாலு வருஷமும், இரண்டும் இப்படித்தான் தாழ்ந்து கொடுத்துக்கொண்டு நிற்கும்.

எனக்குத் தெரியாததா? தினமும் பார்த்ததுதான். அந்த நிமிஷம் எந்தச் சனியன் என் நாக்கில் வந்து உட்கார்ந்ததோ.

வியாபாரி கயிற்றை உதறிக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டான். அப்போதும் இரண்டும் நகரவில்லை.

அவர் இன்னும் ஏறவில்லையே.