கூட்டல் குறி

அமலோற்பவத்தின் கண்ணளவு பிசகாது என்று அவளிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்கள் சொல்வார்கள். டேப் வைக்காமலே சாக்கட்டியால் கோடு போடுவாள். அந்தத் தைரியத்தில்தான், கணவனின் நெஞ்சில் அழிந்துபோயிருந்த ஊதா நிறக் கூட்டல் குறியைக் காலையில் மார்க்கர் பேனாவால் அவளே மறுபடி போட்டுவிட்டாள். கதிர்வீச்சு சரியாக அந்த இடத்தில்தான் இறங்கவேண்டும், குறி அழிந்தால் மறுபடி ஸ்கேன், சிகிச்சை ஒரு வாரம் தள்ளிப்போகும் என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். சவரிமுத்துவோ புழுக்கம் தாங்காமல் தேய்த்துக் குளித்துவிட்டான்.

இப்போது ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குறி மச்சத்துக்கு மேலே இருந்ததா, பக்கத்திலா? மெலிந்துபோன உடம்பில் மச்சமே இடம் மாறினாற்போல இருந்ததே. துணியென்றால் பிரித்துத் தைக்கலாம்.

"சொல்லிப்புடுறேங்க."

"சும்மா இரு. திட்டுவாங்க" என்றபடி, சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டே அவன் உள்ளே போனான்.

அவனைப் படுக்கவைத்துவிட்டு டெக்னீஷியன் பெண் வெளியே வந்தாள். கனத்த கதவு சாத்திக்கொண்டது. அமலோற்பவம் எழுந்து ஓடினாள்.

"ஏம்மா, அந்தக் குறி..."

"இன்னிக்குத்தான்க்கா அழகா, நேரா, பளிச்சுன்னு இருக்கு" என்றாள் அந்தப் பெண், மெஷினை இயக்கும் அறைக்குள் நுழைந்துகொண்டே.

வேலையைப் புகழ்கிறவர்களைப் பார்த்துச் சிரித்தே பழகிய வாய், தன்பாட்டுக்குச் சிரித்தது. கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது.