மடிக்கணினி மெலிந்த கதை

உலகத்தாருக்கு ஒரு மகத்தான அறிவிப்பு: மடிக்கணினி மெலிந்துவிட்டது. வயிற்றிலிருந்த சிடி தட்டைப் பிடுங்கியதால் வந்த மெலிவு. பிடுங்கிய தட்டு அதே கடையில் பக்கத்துக் கண்ணாடி அலமாரியில், தனிப் பெட்டியில், தனி விலையோடு நீல வெளிச்சத்தில் வீற்றிருக்கிறது. அதன் எதிரே ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், கைக்குட்டையில் சுற்றிய சிடியோடு நிற்கிறார். போய்ச் சேர்ந்த மனைவியின் குரல் இனி இதில் மட்டும்தான் இருக்கிறது.

“முன்னெல்லாம் உள்ளேயே இருந்துச்சே தம்பி?”

“இப்ப அது ஆப்ஷனல் சார்.”

“டிக்கெட்டும் குடுத்துட்டு உக்கார்ற சீட்டுக்குத் தனியா காசு கேட்டா, என்னை பஸ்ஸை விட்டே இறக்கியிருப்பாங்க.”

விற்பனையாளன் சிரிக்காமல் அந்தத் தட்டை, அதாவது டிரைவை, ஒரு மடிக்கணினியில் செருகி, சிடியைப் போட்டுக் காட்டுகிறான். அது முனகிக்கொண்டு சுழல்கிறது. திரையில் ஒரு பால்கனி. பனியனோடு செடிக்குத் தண்ணீர் ஊற்றும் இளவயதுக் கண்டக்டர். படம் பிடித்தவள் மனைவி என்பதால் எங்கும் தென்படவில்லை. குரல் மட்டும் கேட்கிறது: “கொஞ்சம் சிரிங்களேன், காசா பணமா?” திரையில் இருப்பவர் முறைக்கிறார். கடையில் நிற்பவர் சிரிக்கிறார். சுவர் முழுக்க டிவிகளில் ஒரே அருவி சத்தமில்லாமல் விழுகிறது.

“நல்லா ஓடுது சார். பில் போட்டுடவா?”

“போடுங்க. அதுவரைக்கும் இன்னொரு தரம் ஓடட்டும்.”

பில் வருகிறது. போட்டுக் கொடுக்கும் பைக்குத் தனி விலை.