முட்டை போடாத சாக்லேட்

ஃப்ரீஸரில் இன்னும் ஏழு இருந்தன.

பதினேழு நாளாக அவள் அந்தக் கதவைத் திறக்கவில்லை. இன்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஐஸ் உருகி வாசல்வரை தண்ணீர் வந்துவிட்டது. திறக்காமல் முடியாது.

குட்டிக் குட்டிக் காகிதக் கிண்ணங்கள். மேலே பார்த்தால் வெறும் சாக்லேட். நடுவில் கடலை வெண்ணெய் இருப்பது கடித்தால்தான் தெரியும்.

அதுதான் இதில் விசேஷமே என்று அன்றைக்கு அவளே பெருமையடித்துக்கொண்டாள்.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

எதிர்வீட்டுச் சுடர்க்கொடி. பக்கத்தில் அவள் கணவன் பூவராகன். பின்னால் மாடிப்படி ஓரம் கட்டிவைத்த மூட்டைகள். ஓசூரை விட்டு விழுப்புரத்துக்கே போகிறார்கள்.

அவர்கள் பையன் மகிழ் இருந்திருந்தால் இந்நேரம் மூட்டைமேல் ஏறிக் குதித்துக்கொண்டிருப்பான். ஐந்து வயது.

அன்றைக்கு நடந்தது கொஞ்சம்தான்.

முதல் தட்டு இறுகிவிட்டது. இரண்டாவது தட்டுக்கு அவள் அரைத்துக்கொண்டிருந்தாள். வறுத்துத் தோல் நீக்கிய கடலை முதலில் பொடியாகும். பிறகு உருண்டு ஜாரில் ஒட்டிக்கொள்ளும். விடாமல் ஓட்டினால்தான் எண்ணெய் விட்டு இளகும். அது இளகுகிற நேரம் பார்த்து மகிழ் வந்தான். ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

பின்னாலேயே வந்த சுடர்க்கொடி சமையலறை வாசலில் நின்று ஏதோ கேட்டாள்.

மிக்ஸியை நிறுத்த அவளுக்கு மனமில்லை. நிறுத்துவானேன்? கேக் செய்தாலும் சாக்லேட் செய்தாலும் இந்தக் குடியிருப்பில் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான். முட்டை போட்டிருக்கா? கேட்டுக் கேட்டு அவளுக்குப் பதில் தானாக வரும்.

"ஐயோ, அதெல்லாம் போடலக்கா. தாராளமா குடுங்க."

பையன் தின்றான். உதடு வீங்கியது. ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலை எட்டும் முன்பே மூச்சு நின்றுவிட்டது.

அவனுக்குக் கடலை ஆகாது என்பது அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தெரியும். இரண்டு வயதில் ஒருமுறை தின்று உடம்பெல்லாம் தடித்துப் பிழைத்தானாம். அன்றிலிருந்து சுடர்க்கொடி யார் எதைக் கொடுத்தாலும் கேட்காமல் தரமாட்டாளாம்.

நான் கேட்டேன், கேட்டுவிட்டுத்தான் கொடுத்தேன் என்று சுடர்க்கொடி ஆஸ்பத்திரித் தரையில் புரண்டாள்.

முட்டை போட்டிருக்கா என்றுதான் கேட்டார்கள் என்று இவள் சொன்னாள். டாக்டரிடம் சொன்னாள். போலீஸிடம் சொன்னாள். சொல்லச் சொல்லச் சுடர்க்கொடிமேல் கோபம்கூட வந்தது. கடலையா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பிள்ளை இருந்திருக்குமே என்று வயிறு எரிந்தது. சத்தியம் செய்யச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பாள்.

ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. எப்போதும் கேட்கிறவள் அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை. பூவராகன் மனைவியோடு பேச்சை விட்டு இன்றோடு பதினேழு நாள்.

இப்போது அவன்தான் பேசினான்.

"போறதுக்கு முன்ன ஒரு வாட்டி உங்க வாயால கேட்டுக்கலாம்னு வந்தேங்க. இதுல மல்லாட்டை போட்டிருக்கான்னு கேட்டேன், கேட்டேன்னு இவ தலபாடா அடிச்சிக்கிறா."

மல்லாட்டை.

அவள் நாகர்கோவில்காரி. கடலை என்பாள். சின்ன வயதில் கப்பலண்டி என்று சொல்லித் தின்றிருக்கிறாள். இந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை.

ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள்.

இன்று மிக்ஸி ஓடவில்லை. ஃபேன்கூட ஓடவில்லை. ஒரு எழுத்து தப்பாமல் காதில் விழுந்தது.

அப்படியென்றால் என்ன என்று கேட்க வந்த வாயை மூடிக்கொண்டாள். கடலைதான். வேறென்ன.

மல்லாட்டை போட்டிருக்கா. முட்டை போட்டிருக்கா. மனத்துக்குள் இரண்டையும் சொல்லிப் பார்த்தாள்.

சுடர்க்கொடி நிமிர்ந்தாள். சண்டை பிடிக்கும் முகமாக இல்லை. அழுது தீர்ந்த முகம்.

"வுடுங்க. எல்லாரும் சொல்றாங்களே. முட்டைன்னுதான் கேட்டிருப்பேன் போல. எனக்கே இப்ப தெரியல."

பூவராகன் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுடர்க்கொடி பிள்ளையைப் பறிகொடுத்தவளாக மட்டும் ஊர் திரும்புவாள்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு இந்த வாசலில் தான் எப்படி நிற்பது? போலீஸ், எதிர்வீடு, கீழ்வீடு, பள்ளிக்கூடத்திலிருந்து நான்கு மணிக்கு வரும் தன் மகள். பயமாக இருந்தது. வெறும் பயம்தான்.

"ஆமாக்கா," என்றாள். "முட்டைன்னுதான் கேட்டீங்க."

பதினேழு நாளாகச் சொன்ன அதே பதில். இன்றைக்குத்தான் அது பொய்.

பூவராகன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

சுடர்க்கொடி தலையாட்டினாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். திரும்பும்போது அவள் கண் தரைக்குப் போனது.

"கீழ தண்ணி நிக்குது பாரும்மா," என்றாள். "உன் பொண்ணு வழுக்கி வுழுந்துடப் போவுது."