தளிகை போடாத சனிக்கிழமை

"தலைவலின்னு வந்தா மாத்திரை, காய்ச்சல்னு வந்தா ஊசி. அதோட அனுப்பிடறீங்களே டாக்டர்!"

மைத்ரேயி மேஜையைத் தட்டாத குறைதான். சமயபுரம் போகிற வழியில் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையம் அது. புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடியுங்கள் என்று சொல்லி அவள் படியேறாத சுகாதார நிலையம் திருச்சி வட்டாரத்தில் இல்லை.

டாக்டர் அக்னஸ் பொறுமையாகச் சிரித்தார். "வேற என்ன பண்ணணுங்கறீங்க?"

"வயசான ஒவ்வொரு பொம்பளைகிட்டயும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க. மாதவிலக்கு நின்னு போன பிறகு மறுபடி ரத்தம் படுதான்னு. படுதுன்னா அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க."

"அப்படி இருந்தா அவங்களே சொல்ல மாட்டாங்களா?"

"அதெல்லாம் தானா வாயைத் திறந்து சொல்ற விஷயமா டாக்டர்? யாராவது கேட்டாத்தானே!"

அக்னஸுக்கு அது உறைத்தது. "சரிங்க, திங்கட்கிழமையிலேருந்து கேக்கறேன். உங்க வீட்லயும் பெரியவங்க இருப்பாங்களே?"

"என் மாமியாரா? அவங்களுக்கு ஒரு நோயும் இல்லை. வேலை செய்ய மனசில்லாத நோய் ஒண்ணுதான்!"

சிரித்துவிட்டு வந்தாளே தவிர, ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறும்போது வயிறு எரிந்தது. அவள் பிரசாரம் என்று கிளம்பியதிலிருந்துதான் மாமியார் சத்யபாமா சமையலறைப் பக்கமே வருவதில்லை. கேட்டால் முழங்கால் வலி. பின்கட்டு அறையில் தனியாகப் பாயைப் போட்டுக்கொண்டு, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக்கொண்டு, என்ன வீம்பு இது? மருமகள் வெளியே போவது பிடிக்கவில்லை என்றால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!

இன்றைக்குப் புரட்டாசி சனிக்கிழமை. உச்சிப் பொழுதுக்குள் சமைத்துப் படைத்து, பெருமாளுக்குத் தளிகை போட்டாக வேண்டும். இன்றாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று காலையில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள்.

வந்து பார்த்தால் அடுப்பு பற்றவே இல்லை. பெருமாளுக்கு விளக்குகூட ஏற்றவில்லை.

மைத்ரேயிக்கு வந்ததே கோபம்!

"என்மேல கோவம்னா என்கிட்ட காட்டுங்கோ. பெருமாள் என்னம்மா பண்ணினார்? கல்யாணமாகி வந்த நாள்லேந்து ஒரு புரட்டாசி சனிக்கிழமையைத் தவறவிட்டதில்லைன்னு பெருமையா சொல்லுவேளே!"

"மெதுவாப் பேசுடி, பக்கத்தாத்துல கேக்கப் போறது." சத்யபாமா அறை வாசலைத் தாண்டாமல் நின்றார். "முழங்கால் வலின்னு பொய்தான் சொன்னேன். தூரமா இருக்கறவ பெருமாள் பக்கத்துல எப்படி வருவேன்?"

மைத்ரேயிக்கு முதலில் விளங்கவில்லை. மாதவிலக்கெல்லாம் எப்போதோ நின்று போன அறுபத்து மூன்று வயதில் என்ன தூரம்? விளங்கியதும் அறை வாசலுக்கு ஓடினாள்.

"எப்போலேந்தும்மா?"

"ஆடி பொறந்ததுலேந்து. நிக்கவே மாட்டேங்கறது."

"ஐயோ! ஒரே ஆத்துல இருக்கேனே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

சத்யபாமா கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்.

"அதெல்லாம் தானா வாயைத் திறந்து சொல்ற விஷயமாடி? யாராவது கேட்டாத்தானே!"